அந்த டி மேஜர் கான்செர்டோ ஹைடனுடையதுதானா?

நீங்கள் கேட்டது இது. அடுத்த மாதம் மாணவர் கச்சேரியில், 18ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் டி மேஜர் செல்லோ கான்செர்டோ (இசைக்குழுவோடு ஒரு செல்லோ தனித்து வாசிக்கும் படைப்பு) வாசிக்கப் போகிறீர்கள். உங்கள் ஆசிரியரோ, "அது ஹைடன் எழுதியதே இல்லை, அவர் குழுவில் செல்லோ வாசித்த ஆண்டன் கிராஃப்ட் எழுதியது" என்கிறார். கையில் இருக்கும் நோட்ஸில், அதாவது இசைத் தாளில், ஹைடன் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. நிகழ்ச்சித் தாளில் யார் பெயரைப் போடுவது? பதில் ஒரே வரிதான். ஹைடன் பெயரைப் போடுங்கள். 'எழுதியதாகக் கருதப்படும்' என்ற ஒட்டு எதுவும் வேண்டாம். ஆனால் உங்கள் கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆசிரியர் சொல்வது வெறும் வதந்தியா, அது எங்கிருந்து வந்தது, அவர் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது? அதற்குத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். இருபது வருடங்களுக்கு மேலாகச் செல்லோ வாசிக்கிறேன், சொல்லித் தருகிறேன். நடுவில் சில வருடங்கள் ஒரு இசைக்குழுவின் நோட்ஸ் அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எந்தப் பதிப்பு, யார் திருத்தியது, எந்தப் பார்ட்டில் (ஒரு வாத்தியத்துக்கான தாளில்) எத்தனை பார் (தாளக் கட்டம்) குறைகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. பழைய தாளையும் மையையும் ஆராய்கிற நிபுணன் இல்லை. ஹைடனின் மூலப் பிரதியை நேரில் பார்த்ததும் இல்லை, அதை ஒட்டி அச்சான பதிப்புகளில்தான் வாசித்திருக்கிறேன்.

கிராஃப்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அவர் வில்லன் இல்லை. 1749இல் பொஹீமியாவில் ரோகிட்சானி என்ற ஊரில் பிறந்தவர். 1778இல் எஸ்டர்ஹாசி இளவரசரின் இசைக்குழுவில் செல்லோ வாசிக்கச் சேர்ந்தார். அந்தக் குழுவை நடத்தியவர் ஹைடன். கிராஃப்ட் அவரிடமே இசையமைக்கவும் கற்றுக்கொண்டார். எழுதுவதிலேயே மூழ்கி வாத்தியத்தைக் கைவிட ஆரம்பித்ததும் ஹைடன் பாடத்தை நிறுத்திவிட்டார் என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. 1790இல் இளவரசர் இறந்து குழு கலைந்த பிறகு கிராஃப்ட் வேறு பிரபுக்களிடம் போனார், கடைசியில் வியன்னாவில் லோப்கோவிட்ஸ் இளவரசரிடம் இருந்தார். பேத்தோவனின் டிரிபிள் கான்செர்டோவில் செல்லோவுக்கு இருக்கும் அந்தக் கொடுமையான உயரத்துப் பகுதிகள் கிராஃப்டை மனத்தில் வைத்து எழுதியவை என்பதுதான் பொதுவான கருத்து. அவரே செல்லோவுக்கு ஒரு சி மேஜர் கான்செர்டோவும் எழுதியிருக்கிறார். ஆக, 'கிராஃப்ட் எழுதியிருப்பார்' என்பது யாரோ போகிற போக்கில் அடித்துவிட்ட பேச்சு இல்லை. எழுதத் தெரிந்தவர், ஹைடனின் மாணவர், அந்தக் குழுவிலேயே இருந்தவர், வாத்தியத்தில் கில்லாடி. சந்தேகம் வர எல்லாப் பொருத்தமும் இருந்தது.

இந்த கான்செர்டோ முதன்முதலில் அச்சில் வந்தது 1804இல். ஜெர்மனியில் ஓஃபன்பாக் என்ற ஊரில் யோஹான் ஆன்டன் ஆந்த்ரே என்பவர் ஓபஸ் 101 என்று எண் போட்டு வெளியிட்டார். ஆசிரியரின் மூலப் பிரதியைப் பார்த்தே அச்சிட்டது என்று தலைப்புப் பக்கத்திலேயே பிரெஞ்சில் போட்டிருந்தார். பதிப்பாளர்கள் அந்தக் காலத்தில் என்ன வேண்டுமானாலும் போடுவார்கள், அது உண்மை. ஆனால் இந்த ஆந்த்ரே கொஞ்சம் வேறு மாதிரி ஆள். மொத்சார்ட் இறந்த பிறகு அவர் மனைவி கொன்ஸ்டான்சியிடமிருந்து கையெழுத்துப் பிரதிகளை மொத்தமாக விலைக்கு வாங்கியவர். இசையமைப்பாளரின் கையெழுத்தைக் கண்ணால் பார்த்துப் பழகியவர். அவர் 'மூலப் பிரதியிலிருந்து' என்று சொன்னால் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். 1804இல் ஹைடனும் உயிரோடு இருந்தார், கிராஃப்டும் உயிரோடு இருந்தார், இருவரும் வியன்னாவில்தான்.

அப்புறம் 33 வருடம் கழித்துத்தான் சிக்கல் வருகிறது. ஸ்டுட்கார்ட்டில் குஸ்தாவ் ஷில்லிங் என்பவர் ஒரு பெரிய இசைக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். 1837இல் வந்த தொகுதியில் கிராஃப்டைப் பற்றிய கட்டுரையில், ஹைடன் பெயரில் இருக்கும் கான்செர்டோவை எழுதியது கிராஃப்ட்தான் என்று ஒரு வரி வந்துவிட்டது. தகவல் வந்த இடமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது கிராஃப்டின் மகன் நிக்கோலாஸ். அவரும் பெரிய செல்லோக்காரர். ஸ்டுட்கார்ட் அரண்மனை இசைக்குழுவில் பல வருடம் இருந்தவர். புத்தகம் தொகுக்கப்பட்டதும் அதே ஊரில்தான் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிக்கோலாஸ் பிறந்தது 1778 டிசம்பரில். கான்செர்டோ எழுதப்பட்டது 1783. அதாவது சாட்சிக்கு அப்போது நாலு வயது. வீட்டில் அப்பா ஒரு உருப்படியை மாதக்கணக்கில் விரலுக்குக் கொண்டுவருகிறார், "இந்த இடம் இப்படி வேண்டாம், அப்படி மாற்று" என்று பேச்சு நடக்கிறது, அந்தச் சத்தத்திலேயே பிள்ளை வளர்கிறான். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பிள்ளைக்கு அது 'அப்பாவின் கான்செர்டோ' ஆகிவிடுகிறது. பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். நம் வீடுகளிலும் தாத்தா வாங்கிய நிலத்தை அப்பா வாங்கியதாகவே பிள்ளைகள் சொல்லிக்கொண்டு திரிவதில்லையா? புத்தகம் வந்தபோது ஹைடன் இறந்து 28 வருடம், கிராஃப்ட் இறந்து 17 வருடம். மறுக்க ஆள் இல்லை. நிக்கோலாஸின் மனத்தில் என்ன நடந்தது என்பது என் ஊகம், வயதுக் கணக்கு ஊகமில்லை.

ஒரு கலைக்களஞ்சியத்தின் ஒற்றை வரியை உலகம் ஏன் நம்பியது? அதற்கு நல்ல காரணமே இருந்தது. ஹைடன் பெயருக்குச் சந்தையில் அப்படி ஒரு மவுசு. யார் எழுதியதாக இருந்தாலும் 'ஹைடன்' என்று போட்டால் விற்றுவிடும். எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ஓபஸ் 3 என்ற பெயரில் சுற்றிய ஆறு ஸ்டிரிங் குவார்ட்டெட்கள் (நாலு தந்தி வாத்தியங்களுக்கானவை). 'செரினேட்' என்று ஊரெல்லாம் வாசிக்கும் அந்த இனிமையான மெட்டு அவற்றில் ஒன்றில்தான் வருகிறது. 1777 வாக்கில் பாரிசில் பையூ என்ற பதிப்பாளர் ஹைடன் பெயரில் போட்டார். 1964இல் ஆலன் டைசன், ராபின்ஸ் லாண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பழைய அச்சுப் பிரதியை உற்றுப் பார்த்தபோது, அச்சுத் தகட்டில் முதலில் செதுக்கியிருந்த வேறு ஒரு பெயரைச் சுரண்டிவிட்ட தடம் மங்கலாகத் தெரிந்தது. ஹோஃப்ஸ்டெட்டர். ஒரு கிறித்தவத் துறவி. அவர் பெயரைச் சுரண்டிவிட்டு ஹைடன் பெயரை ஏற்றியிருக்கிறார்கள்.

இதில் இன்னும் வேடிக்கை, ஹைடன் உயிரோடு இருந்தபோதே பிளேயெல் என்ற அவருடைய பழைய மாணவர் இந்த ஆறையும் சேர்த்து ஹைடனின் குவார்ட்டெட் தொகுப்பை வெளியிட்டார். ஹைடனின் கடைசிக் காலத்தில் அவர் வீட்டில் தயாரான படைப்புப் பட்டியலிலும் அது அப்படியே ஏறிவிட்டது. அதனால்தான் 1804இல் இருவரும் உயிரோடு இருந்ததை நான் ஒரு சான்றாக எண்ணிக்கொள்வதில்லை. ஒருவர் மறுக்கவில்லை என்பதற்காக அது உண்மை ஆகிவிடாது. வயதான காலத்தில் யார் இதையெல்லாம் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஆக, ஹைடன் பெயர் போட்ட எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது நல்ல பழக்கம்தான். இந்த ஒரு விஷயத்தில் அந்த நல்ல பழக்கம் தப்பான கதவைத் தட்டிவிட்டது.

எழுத்துச் சான்று என்று அந்த ஒரு வரி. மற்றதெல்லாம் காது. 'இது ஹைடன் மாதிரி இல்லையே' என்ற காது. செல்லோவுக்கு இவ்வளவு உயரத்தில், இவ்வளவு விரல் வித்தையோடு, செல்லோ வாசிக்காத ஒருவர் எழுதியிருக்க முடியாது என்பது முக்கியமான வாதம். நியாயமாகத்தான் கேட்கிறது. ஆனால் இந்தக் காதுகள் எதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லின என்று பாருங்கள். என்னைக் கேட்டால் மொத்த விவகாரத்திலும் சுவையான இடம் இதுதான்.

ஹைடன் இந்த கான்செர்டோவுக்குக் கேட்டது சின்ன இசைக்குழு. இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். 1890இல் பிரசெல்ஸ் கன்சர்வேட்டரியின் இயக்குநர் கெவார்ட், அந்தக் காலத்துப் பெரிய மேடைக்கு ஏற்றபடி இதற்கு மறு அலங்காரம் செய்தார். ஹைடன் கேட்காத புல்லாங்குழல், கிளாரினெட் எல்லாம் உள்ளே வந்தன. தனியாக ஒரு காடென்சாவும் (குழு நிற்க, செல்லோ மட்டும் வாசிக்கும் பகுதி) எழுதிச் சேர்த்தார். அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் கேட்டது பெரும்பாலும் இந்த வடிவத்தைத்தான். அதைக் கேட்டுவிட்டு 'இது 18ஆம் நூற்றாண்டு ஹைடன் மாதிரி இல்லை' என்றார்கள். எப்படி இருக்கும்? பாதி அலங்காரம் 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியத்துடையது.

சரி, ஒப்பிட்டுப் பார்க்க ஹைடனின் வேறு செல்லோ கான்செர்டோ ஏதாவது இருந்ததா? ஹைடன் பெயரில் புழக்கத்தில் இரண்டு இருந்தன. ஒன்று 'சின்ன டி மேஜர்' என்று செல்லோக்காரர்கள் சொல்வது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அச்சாகிப் பள்ளிகளில் பரவியது. இப்போது அதை ரோமில் இருந்த கோஸ்டான்சி என்ற செல்லோ வித்வானுடையது என்று சேர்க்கிறார்கள். பின்னால் பெரிய செல்லோக்காரரும் இசையமைப்பாளருமான பொக்கரினி இளம் வயதில் ரோமுக்குப் போய்க் கொஞ்ச காலம் கற்றுக்கொண்டது இந்தக் கோஸ்டான்சியிடம்தான். இன்னொன்று சி மேஜரில், ஹைடனின் குறிப்புகளிலிருந்து எடுத்து முழுமையாக்கினேன் என்று சொல்லி டேவிட் பாப்பர் என்ற செல்லோக்காரர் வெளியிட்டது. பாப்பரின் எட்யூட்களை (விரல் பயிற்சிகளை) வாசித்து விரல் வீங்கிய யாருக்கும் அந்த கான்செர்டோ யார் கை என்று நாலு பாரில் தெரிந்துவிடும். ஆக, நிஜமானதைச் சந்தேகித்தவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தவை இந்த இரண்டுதான். கள்ள நோட்டு இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நல்ல நோட்டைச் சோதித்த மாதிரி.

1951இல் ஹைடன் தன் கையாலேயே எழுதிய மூலப் பிரதி வியன்னாவில் வெளிப்பட்டது. இப்போது ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. கையொப்பமும் இருக்கிறது, 1783 என்ற ஆண்டும் இருக்கிறது. 1804இல் ஆந்த்ரே அட்டையில் போட்டது நிஜம் என்று ஆனது. பாவம், மனுஷன் உண்மையைச் சொல்லியும் நூறு வருடத்துக்கு மேல் யாரும் நம்பவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும், கேட்காவிட்டாலும் உங்கள் ஆசிரியர் கேட்பார். ஒருவர் கையெழுத்தில் இருந்தால் அது அவர் இயற்றியது என்று ஆகிவிடுமா? ஆகாது. மிக நல்ல கேள்வி. மொத்சார்ட்டின் 37ஆம் சிம்பொனி என்று ஒன்று நூறு வருடம் பட்டியலில் இருந்தது. அதன் தொடக்கத்தில் வரும் மெதுவான சின்னப் பகுதி மட்டும்தான் மொத்சார்ட் எழுதியது. மீதி மொத்தமும் ஹைடனின் தம்பி மிக்கேல் ஹைடன் இயற்றியது. லின்ஸ் நகரத்தில் ஒரு கச்சேரிக்காக மொத்சார்ட் அதை எடுத்து, முன்னால் நாலு வரி சேர்த்து வாசித்திருக்கிறார். அதுவும் நம்ம கான்செர்டோ பிறந்த அதே 1783இல். 1907இல்தான் குட்டு வெளிப்பட்டது. அந்தக் காலத்தில் படிப்பதற்காகவும் கச்சேரிக்காகவும் அடுத்தவர் படைப்பைக் கையால் நகல் எடுப்பது சாதாரணம், ஜெராக்ஸ் கடை இல்லை. அதனால் கையெழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதன் கூட என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இங்கே கூட இருப்பது ஆசிரியர் என்ற முறையில் போட்ட கையொப்பமும் ஆண்டும். ஹைடன் தன் சொந்தப் படைப்பின் மூலப் பிரதிகளில் இத்தாலிய மொழியில் 'தி மே ஜுசெப்பே ஹைடன்' என்று எழுதுவது வழக்கம். 'ஜோசப் ஹைடனாகிய என்னால்' என்று பொருள். தன் குழுவில், தன் கண் முன்னால், தன் மாணவன் எழுதிய ஒன்றுக்கு அவர் ஆண்டு போட்டுத் தன் பெயரைப் போட்டார் என்று சொல்ல வேண்டுமானால் ஹைடனைத் திருடன் ஆக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் அதற்கு இடமே இல்லை. பெயருக்கும் வேலைக்கும் குறைவில்லாத மனிதர் அவர்.

பத்து வருடம் கழித்து, 1961இல், இரண்டாவது பெரிய சான்று தற்செயலாக வந்து சேர்ந்தது. பிராக் நகரத்துத் தேசிய அருங்காட்சியகத்தில் ஓல்ட்ரிச் புல்கர்ட் என்ற ஆய்வாளர் ரடெனின் மாளிகையிலிருந்து வந்திருந்த பழைய நோட்ஸ் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு சி மேஜர் செல்லோ கான்செர்டோவின் பார்ட்கள் கிடைத்தன. ஹைடன் தன் படைப்புகளுக்காகத் தானே வைத்திருந்த குறிப்பேட்டில் ஒவ்வொன்றின் தொடக்க பார்களையும் எழுதிவைத்திருந்தார். அதில் ஒரு சி மேஜர் செல்லோ கான்செர்டோவின் தொடக்கம் இருந்தது, கான்செர்டோவைத்தான் காணோம். கிடைத்த பார்ட்களின் தொடக்கமும் குறிப்பேட்டின் தொடக்கமும் ஒன்று. 1962 மே மாதம் பிராக் வசந்த விழாவில் மிலோஷ் சாட்லோ வாசித்தார், சார்லஸ் மெக்கெராஸ் நடத்தினார். இன்றைக்கு நீங்களும் நானும் ஹைடன் சி மேஜர் என்று அன்றாடம் வாசிப்பது இதுதான். 1760களின் முதல் பாதியில், கிராஃப்டுக்கு முன்னால் அதே குழுவில் இருந்த வைகல் என்ற செல்லோக்காரருக்காக எழுதியது.

இது வந்த பிறகு 'ஹைடனுக்குச் செல்லோ தெரியாது' என்ற பேச்சு அடியோடு போயிற்று. உண்மையில் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். 1761இல் எழுதிய காலை, நண்பகல், மாலை சிம்பொனிகளிலேயே செல்லோவுக்குத் தனி இடங்கள் கொடுத்திருக்கிறார். 13ஆம் சிம்பொனியின் மெதுவான பகுதி முழுக்க ஒரு செல்லோ பாட்டுதான். முப்பது வருடம் ஒரே குழுவோடு தினமும் வேலை பார்த்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வித்வானின் விரல் எங்கே போகும், எங்கே போகாது என்று தெரியாமலா இருந்திருப்பார்?

சரி, கிராஃப்டுக்குப் பங்கே இல்லையா? இங்கேதான் நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன். கான்செர்டோ கிராஃப்டின் விரலுக்காக எழுதப்பட்டது என்பதை ஏறக்குறைய எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள், 1783இல் அந்தக் குழுவில் இதை வாசிக்கக்கூடியவர் அவர். ஹைடன் அவரிடம் "இது கைக்கு வருமா?" என்று கேட்டிருப்பார் என்பது ரொம்ப இயல்பான ஊகம். எந்த பார் யார் யோசனை என்று பிரித்துக் காட்டுகிற அளவுக்கு அந்த ஊகத்தை இழுக்கக் கூடாது. வாசிக்கிறவனாக ஒன்று மட்டும் சொல்வேன். சி மேஜரை வாசித்துவிட்டு இதற்கு வந்தால் இடது கையின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. சி மேஜரின் கஷ்டம் வேகம். இதன் கஷ்டம் கட்டைவிரல். இங்கே கட்டைவிரலைத் தந்திகளின் மேல் குறுக்கே கிடத்தி, அதையே தந்தியைத் தாங்கும் நகரும் கட்டையாக வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் மேலே பாட வேண்டும். பாட வேண்டும் என்பதுதான் முக்கியம், உயரத்தில் இருந்தாலும் அது வித்தையாகக் கேட்கக் கூடாது. கடைசிப் பகுதியான ராண்டோவில் ஆக்டேவ்கள் (ஒரே சுரத்தின் கீழ், மேல் ஸ்தாயி இரண்டையும் சேர்த்து வாசிப்பது) வரும்போது கட்டைவிரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் நடுவில் இருக்கிற அகலம் மேலே போகப் போகச் சுருங்கிக்கொண்டே வரும். அந்தச் சுருக்கம் கைக்குப் பழகாவிட்டால் ஒவ்வொரு ஆக்டேவும் மயிரிழை பிசகும். இதெல்லாம் விரல்பலகையில் குடியிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததைக் காட்டுகிறது. அவர் பக்கத்தில் இருந்தார் என்பதையும் தாண்டி அது எதையும் நிரூபிக்காது. கிராஃப்டின் சொந்த கான்செர்டோவில் இதே மாதிரி விரல் ஓட்டங்கள் வருகின்றனவே என்று காட்டுவார்கள். வரும்தான். தனக்காக எழுதப்பட்டதை வருடக்கணக்கில் வாசித்த மாணவன், தான் எழுதும்போது அந்த வாசனை வராமலா போகும்? ஒற்றுமையை வைத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லவே முடியாது.

அதனால் உங்கள் ஆசிரியரைக் குறைத்து நினைக்காதீர்கள். 1951க்கு முன்னால் வந்த புத்தகங்களில் படித்தவர்கள், அவர்களிடம் கற்றவர்கள், அவர்களின் மாணவர்கள் என்று அது வாய்வழியாக இறங்கி வந்திருக்கிறது. திருத்தம் வந்த செய்தி ஆய்விதழில் வரும், தப்பு வகுப்பறையில் வரும். எது வேகமாகப் பரவும் என்று உங்களுக்கே தெரியும்.

நானும் இதில் சுத்தமான ஆள் இல்லை. ஒரு வருடம் மாணவர் கச்சேரி ஒன்றின் நிகழ்ச்சித் தாளில் 'ஜே. சி. பாக், சி மைனர் செல்லோ கான்செர்டோ' என்று அழகாக அச்சடித்து, பிறந்த வருடம் இறந்த வருடம் எல்லாம் போட்டு, கீழே அவர் லண்டன் வாழ்க்கையைப் பற்றி நாலு வரியும் எழுதினேன். கச்சேரி முடிந்ததும் வயதான வயோலாக்காரர் ஒருவர் தாளை மடித்துக்கொண்டே என் தோளில் தட்டி, "தம்பி, இது பாக் இல்லை, காஸடெசூ" என்றார். உண்மை. ஹென்றி காஸடெசூ என்ற பிரெஞ்சுக்காரர் 20ஆம் நூற்றாண்டில் தானே எழுதி ஜே. சி. பாக் பெயரில் விட்டது. ஹேண்டல் பெயரில் பி மைனரில் ஒரு வயோலா கான்செர்டோவும் அவர் கைவண்ணமே. வீடு வந்து நோட்ஸின் முதல் பக்கத்தைப் பார்த்தால் காஸடெசூ பெயரும் சின்ன எழுத்தில் இருந்தது, நான்தான் பெரிய எழுத்தை மட்டும் படித்திருக்கிறேன். இதே மாதிரி பொக்கரினியின் பி ஃபிளாட் கான்செர்டோ என்று பலரும் வாசிப்பது க்ரூட்ஸ்மாக்கர் என்ற ஜெர்மன் செல்லோக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒட்டுப்போட்டது. நடுவில் வரும் மெதுவான பகுதியே பொக்கரினியின் வேறு ஒரு கான்செர்டோவிலிருந்து கொண்டுவந்து பொருத்தியது. அங்கே பெயர் சரி, உடம்பு வேறு.

உங்கள் விஷயத்திலும் கவனிக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்துதான். கையில் இருக்கும் பதிப்பை எடுத்து, முதல் பக்கத்தில் கெவார்ட் பெயர் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். பியானோ துணையோடுதான் வாசிக்கிறீர்கள் என்றால் குழுவில் எந்த வாத்தியம் இருந்தது என்பது கண்ணில் படாது, அதனால் பெயரைத்தான் தேட வேண்டும். இருந்தால் தாளில் 'கெவார்ட் பதிப்பு' என்று சேர்த்துவிடுங்கள். அதை வாசிப்பதில் தப்பில்லை, 1935இல் ஃபாயர்மான் என்ற செல்லோ மேதை ரெக்கார்ட் செய்ததும் அந்த வடிவம்தான், அதைக் கேட்டு அழாத செல்லோக்காரரை நான் பார்த்ததில்லை. காடென்சா யாருடையது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூலப் பிரதியை ஒட்டிய பதிப்பு கிடைத்தால் ஒரு தடவையாவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வில் குறிகளும் வளைவுகளும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று தெரியும். தாளில் 'ஜோசப் ஹைடன், செல்லோ கான்செர்டோ, டி மேஜர், 1783' என்று போட்டால் போதும். பட்டியல் எண் வேண்டுமானால் ஹோபோக்கன் 7பி:2. எண்ணைச் சரியாகப் போடுங்கள், 7பி:4 என்று போட்டால் அது கோஸ்டான்சியின் கணக்கில் போய்விடும். இரண்டும் டி மேஜர் என்பதால் இந்தத் தப்பு நடந்துகொண்டே இருக்கிறது. கீழே ஒரு குறிப்பு எழுத இடம் இருந்தால் கிராஃப்டின் பெயரைக் கட்டாயம் போடுங்கள், 'ஆண்டன் கிராஃப்டுக்காக எழுதப்பட்டது' என்று. உங்கள் ஆசிரியருக்கும் அது பிடிக்கும்.

அவரிடம் பேசும்போது 'நீங்கள் சொன்னது தப்பு' என்று ஆரம்பிக்க வேண்டாம். 1837இல் அப்படித்தான் எழுதியிருந்தார்களாம், 1951இல் மூலப் பிரதி கிடைத்ததாம் என்று இரண்டு ஆண்டையும் சொல்லிவிட்டு, ராண்டோவின் ஆக்டேவுக்கு விரல் கேளுங்கள். கட்டைவிரல் ஓரத்தில் தோல் கன்றிப்போனால் இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் தொடாமல் மெதுவான பகுதியை மட்டும் வாசியுங்கள், கச்சேரிக்கு முந்தின வாரத்தில் அதைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.